பஸ் திரும்ப ஓர் இடம்

எங்கள் பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மதியம் வரை வைக்கோல் படப்பின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் கோபித்துக்கொண்டு ஏறவில்லை. அரசாங்கத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக ஏறினார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அரசாங்கத்துக்கு எங்கள் ஊர் வைக்கோலோடு என்ன தகராறு என்பது எனக்கு முழுதாக விளங்கவில்லை என்றாலும், பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து கண்மாய்க்கரையோடு உள்ளே போனால் எங்கள் ஊர். அந்த வருஷம் ராஜபாளையம் சாலையில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனி வந்தது. கிராமத்துப் பெண்களை வேலைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டதால் அரசாங்கம் அதற்கு இடம் கொடுத்தது, கரண்டில் சலுகை கொடுத்தது, பெண்களுக்குத் தையல் மெஷின் பயிற்சியையும் தன் செலவிலேயே கொடுக்க முன்வந்தது. பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா ஸ்கூட்டரில் தெருத்தெருவாக வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அம்மா போனில் விஷயத்தைச் சொன்னபோது, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார் அப்பா. அம்மா பெரியப்பாவிடம் போய்க் கேட்கவில்லை, தகவல் சொல்லிவிட்டு வந்தாள். நம் வீட்டுப் பெண்கள் இன்னொருத்தனிடம் சம்பளம் வாங்குவதா என்று பெரியப்பா இரண்டு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பசித்துவிட்டது.

பெயர் கொடுக்கப் போன அன்று பெரியம்மாவும் எங்களோடு வந்தாள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுத்தும் மாம்பழக் கலர்ச் சேலையை உடுத்தியிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லையாம். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். தங்கச்சிக்குத் துணையாக வந்தேன், சும்மாதான் காட்டினேன் என்று பெரியம்மா அவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். துணைக்கு வந்தவள்தான் என்று நானும் நம்பினேன்.

பயிற்சி முடிந்தது. எங்கள் ஊரில் இருபது பெண்களுக்குக் குறையாமல் தேறிவிட்டார்கள். பிறகுதான் சிக்கல் வந்தது. முதல் ஷிப்ட்டுக்கு இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும் என்றார்கள். அந்த நேரத்தில் கண்மாய்க்கரையில் தனியாக நடக்க எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பத் தயாராக இல்லை. அம்மாவும் இன்னும் சிலரும் அதிகாரியம்மாவைப் பிடித்தார்கள், அவர் கம்பெனியைப் பிடித்தார். கடைசியில் கம்பெனிக்குப் பஸ் விடுகிறவர் நேரில் வந்து தெருவை முழுக்க நடந்து பார்த்தார். பஸ் உள்ளே வந்துவிடும், ஆனால் திரும்ப இடம் இல்லை என்றார்.

இடம் இருந்தது. தெரு முடிகிற இடத்தில் ஊர்ப் பொதுக்களம். அதன் நடுவில் பெரியப்பாவின் வைக்கோல் படப்பு வீடு உயரத்துக்கு நின்றது. அந்தக் களம் புறம்போக்கு என்பது பெரியப்பாவைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமைக்குள் இடம் காலியானால் பஸ் வரும், இல்லாவிட்டால் செட்டியார்பட்டிப் பக்கம் ஆள் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்காரர் கிளம்பினார். நோட்டீஸ் அனுப்பி எடுக்கச் சொல்லவா என்று அதிகாரியம்மா கேட்டார். வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம் என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். படப்பைப் பிரித்து அவருடைய தென்னந்தோப்பில் அப்படியே போட்டுத் தருவதாகவும், ஒரு கட்டுகூடச் சேதமாகாது என்றும் சொன்னாள். பெரியப்பா மழை வரும் என்றார். தன் அப்பா காலத்திலிருந்து படப்பு அங்கேதான் இருக்கிறது என்றார். பிறகு குரல் தணிந்து, மனதில் இருந்ததைச் சொன்னார்.

"பொம்பளைக அம்புட்டுப் பேரும் பஸ் ஏறிப் போயிட்டா, என் வயல்ல களை எடுக்க ஆரு வருவா?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை வந்து திரும்பி நின்றாள்.

"அதுக்கு நாங்க எல்லாரும் ஆயுசுக்கும் இங்கயே கெடக்கணுமா அத்தான்? ஞாயித்துக்கிழம காலையில வாரோம். நீங்க வைதாலும் சரி."

பெரியப்பா வையவில்லை. ஞாயிறு விடிந்ததும் ஏணி வைத்துப் படப்பின் மேல் ஏறி, துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் பேப்பர் இருந்தது. வரிந்து கட்டிய சேலையோடு வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். அவருடைய வயலில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் அவர்கள். யாருக்கும் கை போகவில்லை. எனக்கு மட்டும் பெரியப்பா அவ்வளவு உயரத்தில் இருப்பது பெருமையாக இருந்தது. கையை ஆட்டினேன். அவரும் பேப்பரைத் தாழ்த்திக் கையை ஆட்டினார்.

அப்போது பெரியம்மா ஒரு தூக்குவாளியில் காப்பியோடு வந்தாள். அவருக்குத்தான் கொண்டுவருகிறாள், இனி ஒன்றும் நடக்காது என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பெரியம்மா ஏணியில் பாதி ஏறித் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள். இறங்கி ஏணியை எடுத்து வேலியில் சாத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"நீங்க பாட்டுக்கு இருங்க. நாங்க சுத்தி எடுத்துக்கிடுதோம்."

முதல் அள்ளு பெரியம்மா அள்ளியதுதான். அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. பெண்கள் ஓரத்திலிருந்து உருவி உருவிக் கட்டினார்கள், தலையில் ஏற்றித் தோப்புக்கு நடந்தார்கள், திரும்பி வந்தார்கள். வெயில் ஏறியது. வைக்கோல் தூசியில் எல்லோருக்கும் கண் சிவந்து, கழுத்தெல்லாம் அரித்தது. படப்பு சுற்றிலும் கரையக் கரைய, பெரியப்பா உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பேப்பரை எத்தனை முறை படித்தாரோ தெரியாது. தெருவிலிருந்து வந்து வேடிக்கை பார்த்த ஆண்களில் இரண்டு பேர் வெட்கப்பட்டு அவர்களும் கட்டுச் சுமந்தார்கள்.

செத்த நேரம் நிழலில் உட்காரச் சொல்லி அம்மா கெஞ்சியும் பெரியம்மா கேட்கவில்லை. நான் பின்னாலேயே ஓடி, நீங்கள்தான் கம்பெனிக்குப் போகவில்லையே, எதற்கு இப்படிச் சுமக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் போகாட்டி என்னட்டி? பஸ்ஸு போகும்லா?"

மதியம் தாண்டியபோது பெரியப்பாவின் தலையும் என் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் எழுந்து துண்டை உதறினார். தோப்பில் போட்டிருக்கிற லட்சணத்தைப் பார்த்தேன், இப்படிப் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது என்று சொல்லிக்கொண்டே தோப்பைப் பார்த்து நடந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தோப்பு தெரியாது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இருட்டும் வரை அங்கே நின்று, இதை அங்கே வை, அதை மிதி என்று அதட்டி, புதுப் படப்பைத் தன் கையாலேயே கூம்பாக முடித்தார். அடுத்த போகத்தில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் கூலியைக் கூட்டியதும், வயலுக்கு டீயும் வடையும் கொண்டுபோனதும் அவரேதான். அம்மா இன்றும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறாள், ஒரு லைனுக்கே சூப்பர்வைசராக.

திங்கட்கிழமை பஸ் வந்தது. முழுக்க விடியவில்லை. முன்விளக்கு எங்கள் தெருச் சுவர்களின் மேல் ஊர்ந்து வந்ததைப் பார்க்க நானும் எழுந்து ஓடினேன். பெண்கள் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் கம்பெனி அட்டையுமாக ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மா ஏறினாள். அவளுக்குப் பின்னால் பெரியம்மாவும் ஏறினாள். டிரைவர் அட்டையைக் கேட்டார்.

"நான் வரல தம்பி. திரும்புற வரைக்குந்தான்."

டிரைவர் சிரித்துவிட்டுக் கியரைப் போட்டார். பெரியம்மா ஜன்னலோரம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் வெறுங்களத்துக்குள் இறங்கி, பின்னால் போய், முன்னால் வந்து, மெதுவாக முழுசாகத் திரும்பியது. அவ்வளவு நேரமும் பெரியம்மா பையை மடியில் வைத்தவளைப் போலக் கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். தெரு முனையில் பஸ் நின்றது. பெரியம்மா இறங்கினாள். பின்விளக்கு கண்மாய்க்கரையில் மறையும் வரை நின்றுவிட்டு, என்னைக்கூடக் கவனிக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காலங்காத்தாலே எழுந்து ஓடிவந்தவள் நான், சவாரி போனது பெரியம்மா. என்னையும் ஏற்றிக்கொண்டால் என்ன என்று அன்று முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன். பெரியம்மாவுக்கும் என்னைப் போலவே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பிடிக்கும் போலிருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.