தர்மு மாமிக்கு ஓர் ஆல்பம்

நீரஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுல அம்மா எங்க?" என்று கேட்டுவிடுவாள். நியாயமான கேள்விதானே! அப்பா எல்லாப் படத்திலும் இருப்பார். ஆபீஸ் குரூப் போட்டோவில் மாலையும் கழுத்துமாக, கல்யாணத்தில் நடு நாற்காலியில், புது ஸ்கூட்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு. அம்மா என்றால் பாதித் தோள், குழந்தையைப் பிடித்திருக்கும் ஒரு கை, இல்லாவிட்டால் பந்தியில் பரிமாறுகிற முதுகு. குடும்பத்தையே கட்டி மேய்த்தவளுக்கு ஒரு முழு முகம் கிடையாது என்றால் வயிறு எரியாதா?

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் அவளுடைய தொழில். மேற்கு மாம்பலத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்துகொண்டு, தி. நகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரசீது போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு தீபாவளிக்குத் தன் அம்மாவுக்கு ஓர் ஆல்பம் செய்தாள். சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய படங்களை இரவல் வாங்கி, அவற்றை மறுபடி படம் எடுத்து, அம்மா பிறந்த வீட்டிலிருந்து வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, என்ன விசேஷம் என்று எழுதிக் கொடுத்தாள். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டி முடித்தபோது, "எங்கம்மாவுக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க" என்று நாலு பேர் வாசலில் நின்றார்கள். "போட்டோ ஒட்டியா பொழைக்கப் போற?" என்றார் அவள் வீட்டுக்காரர். பிழைத்துக் காட்டினாள்.

தொண்ணூற்று நாலில் மயிலாப்பூரிலிருந்து பிரபா என்ற பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். அவளுடைய அம்மா தர்மாம்பாளுக்கு, எல்லோருக்கும் தர்மு மாமி, ஆவணியில் அறுபது நிறைகிறது. பிறந்தநாளுக்கு ஆல்பம் வேண்டும். ஆனால் முதல் பக்கத்துக்கே படம் இல்லை.

"எங்கம்மாவுக்குத் தன் அம்மா மொகமே தெரியாது," என்றாள் பிரபா. "நாலு வயசுல பாட்டி போயிட்டா. தாத்தா ரெண்டாங் கல்யாணம் பண்ணிண்டார். வந்த சித்தி, இருந்த ஒரே போட்டோவையும் கிழிச்சுப் போட்டுட்டாளாம்."

"கிழிச்சதை யாராவது பாத்தாங்களா?"

"அத்தைப் பாட்டி சொல்லுவா. அம்மாவும் சித்தியும் பேசிப்பா, நல்லது கெட்டதுக்குப் போய்ட்டு வருவா. ஆனா ஒட்டாது."

சொல்லிவிட்டு ஒரு யோசனையும் வைத்தாள் பிரபா. தர்மு மாமி அச்சு அசல் அவள் அம்மாதான், உரித்து வைத்த மாதிரி என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். மாமியின் கல்யாணப் படத்தையே கொஞ்சம் மாற்றி, பழைய காலத்து ஜாக்கெட்டும் நகையும் போட்டு, இதுதான் பாட்டி என்று முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டால் என்ன?

"யாருக்குத் தெரியப் போறது? அம்மா சந்தோஷப்படுவாளே!" என்றபோது பிரபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீரஜாவும் இளகிப் போய்த் தலையை ஆட்டிவிட்டாள்.

ஸ்டூடியோவில் டச்-அப் செய்கிறவர் கலீமுல்லா. வாழ்நாளில் கோட்டே போடாத மனிதருக்குக் கோட்டு மாட்டிவிடுவார், வழுக்கைக்கு முடி வைப்பார், பிரஷ்ஷில் அவ்வளவு சாமர்த்தியம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி ஒரு சைடா, ரெண்டு சைடா?" என்றார்.

"தெரியலையே பாய்."

"முடி நேர் வகுடா? மூஞ்சி ஒல்லியா, குண்டா? இன்னாம்மா நீ, ஊர் பேரு தெரியாம பஸ் ஏறிக்கினு போற மாதிரி கீது!"

நீரஜா சிரித்தாள். படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தர்மு மாமி இந்தப் படத்தை ஆல்பத்தோடு விடுவாளா? பெரிசு பண்ணி மாட்டுவாள். வெள்ளிக்கிழமை தோறும் பூ வைப்பாள். அம்மா என்று நினைத்துத் தன் முகத்தையே கும்பிட்டுக்கொண்டிருப்பாள், சாகிற வரைக்கும். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பெற்றவளைத் தேடுகிறவளுக்குப் பொய்யைக் கொடுக்க நீரஜாவுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் பிரபாவிடம்கூடச் சொல்லாமல் ஆதம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். சித்தி மங்களம் அங்கேதான் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று பிரபா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். படத்தைக் கிழித்த மகராசிக்கு மூக்குத்தியாவது ஞாபகம் இருக்காதா என்பதுதான் கணக்கு.

மங்களம் சித்தி மெலிந்த உடம்பு, எழுபது தாண்டியவள். கேள்வியைக் கேட்டதும் டி.வி.யை அணைத்தாள்.

"மூக்குத்தியா? நேக்கெப்படித் தெரியும்? நான் அவ மொகத்தைப் பாத்ததே கிடையாதே."

"போட்டோலகூடவா மாமி?"

"மூத்தாள் மொகத்தை இளையாள் பாத்தா ஆகாதுன்னுட்டா என் மாமியார். படத்தைக் கவுத்து எங்கையில குடுத்து, கிழிச்சு அடுப்புல போடுன்னா. நேக்கு அப்போ பதினேழு வயசு. நாலு வயசுக் கொழந்தை என் பொடவையைப் பிடிச்சுண்டு நிக்கறது. அதோட தாயாரைக் கிழிக்கக் கை வருமோ?"

சித்தி எழுந்து, பூஜை அலமாரியிலிருந்து லட்சுமி படத்தைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்குப் பின்னால வெச்சு ஆணி அடிச்சுட்டேன். தெனம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வெளக்கேத்தறேன்."

நீரஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷமா ஏன் மாமி சொல்லலை?"

"மொதல்ல மாமியார் பயம். அப்பறம் கிழிச்சவள்னு பேர் வந்துடுத்து. சொன்னா, ஒளிச்சு வெச்சவள்னு இன்னொரு பேர் வரும். தர்மு என்னண்ட ஒரு வார்த்தை கேப்பா, கேப்பான்னு பாத்தேன். அவ கேக்கவே இல்லை."

இவள் சொல்லட்டும் என்று அவளும், அவள் கேட்கட்டும் என்று இவளுமாக ஓர் ஆயுசையே ஓட்டியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது நீரஜாவுக்கு.

நீரஜா கத்திரிக்கோல் நுனியால் ஆணிகளை நெம்பியபோது, சித்தி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். படத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முகத்தில் தர்மு மாமியின் ஜாடை மருந்துக்கும் கிடையாது! தாயில்லாப் பெண்ணைத் தேற்றுவதற்கு ஊர் சொன்ன வார்த்தைதான் அந்த 'உரித்து வைத்த மாதிரி'. நல்லவேளை, பிரஷ் தொடுவதற்கு முன்னால் வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள் நீரஜா.

பிறந்தநாளன்று மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், நீரஜா சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட பிரபா ஆல்பத்தைத் தர்மு மாமியின் மடியில் வைத்தாள். மாமி அட்டையைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரு பெண், ஸ்டூடியோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். கீழே 'பாகீரதி, தர்முவின் அம்மா' என்று நீரஜா எழுதியிருந்தாள்.

மாமி அழுவாள் என்று நினைத்துப் பிரபா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். மாமி அழவில்லை. திகைத்துப் போயிருந்தாள்.

"இவளா? இவ்வளவு சின்னவளா?" என்றாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினாள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேன்னு இத்தனை வருஷமும் மனசுக்குள்ள இவளோட சண்டை போட்டுண்டிருந்தேனே. பாவம்டி, பிரபா. இது கொழந்தை!"

அப்புறம்தான் அழுதாள். அழுது முடித்து, படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். நீரஜா லட்சுமி படத்தையும் ஆணியையும் சுவர்ப்பக்கம் திரும்பிய சித்தியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சித்திக்கு அப்போ பதினேழா?" என்றாள் மாமி. மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சித்தி இன்னும் இவளைப் பாக்கலையா?"

"இல்லை மாமி."

"பிரபா, ஆட்டோ கூப்பிடு."

இலை போட்டாச்சு, பாயசம் ஆறுகிறது என்று யார் யாரோ சொன்னார்கள். மாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நீரஜாவையும் பிரபாவையும் பக்கத்துக்கு ஒருவராக உட்கார வைத்துக்கொண்டாள்.

ஆதம்பாக்கத்தில் மங்களம் சித்தி கதவைத் திறந்தாள். தர்முவைப் பார்த்தாள், அவள் கையில் விரிந்திருந்த பக்கம் தெரிந்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாண்டி தர்மு. நான் பாக்கப்படாது."

தர்மு மாமி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாரு சித்தி. நம்ம ரெண்டு பேருக்கும் பேத்தி மாதிரி இருக்கா."

சித்தி ஆல்பத்துக்குக் கையை நீட்டினாள். "என் கண்ணாடியை எடுத்துண்டு வா," என்றாள்.