எல்லாப் பக்கமும் முதுகு

"கால் தரையில படாது கண்ணு. படற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா என் பென்சிலை வாங்கி, நான் வரைந்திருந்த உருவத்தின் பாதங்களுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு இழுத்தார். கை நடுங்கியதில் கோடு நெளிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். ஜன்னல் வழியே பதினொரு மணி வெயில் போர்வைமேல் விழுந்திருந்தது. அந்த நெளிந்த கோட்டுக்கு முன்புவரை தாளில் இருந்தது நான் வரைந்த ஒரு பேய்ப்படம். அதற்குப் பிறகு அந்தப் படத்தை மடியில் வைத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா கோபியில் இருந்தார்கள். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, தினமும் பஸ் பிடித்து உக்கடம் பக்கம் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். மாதம் ஒரு பேய்க்கதை வெளியிடும் அச்சகம் அது. அட்டைப்படமும் உள்படங்களும் என் வேலை. வீடியோ கேசட் உறைகளில் இருந்த வெளிநாட்டுப் பூதங்களைப் பார்த்து, பல்லைக் கொஞ்சம் நீட்டி, தலைமுடியைக் கறுப்பாக்கி, சேலை கட்டிவிடுவேன். ஒருநாள் அச்சக முதலாளி என் படங்கள் ஆறையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "பல்லு, நகம், ரத்தம். இதையத்தான் எல்லாரும் போடறாங்க. உங்க பேயி எங்கீங் அம்மணி?" படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணில் பட்டதையெல்லாம் பேயாக நினைத்துப் பார்த்தேன். எதுவும் பேயாகவில்லை.

சித்தப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீட்டை ஒட்டி முன்பக்கம் சின்னக் கடை. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் அவர் கையை நம்பித்தான் வந்தார்கள். குடியும் அதே அளவுக்கு ஊருக்குத் தெரிந்த விஷயம். அவருக்கும் சித்திக்கும் பிள்ளைகள் இல்லை. அதனாலேயே என்னை மகளைப் போல வைத்துக்கொண்டார்கள். அந்த ஆடியில் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, சமையலறைச் சுவரைப் பார்த்தபடியே எழுந்து நின்றார். அங்கே யாரோ நிற்கிறார்கள் என்றார். சித்திக்கு எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை கால் உதற ஆரம்பித்தபோது ஆட்டோ பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு இப்படி இல்லாதது தெரியும், வலிப்பும் வரும், உயிரே போகும். இனி எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது, நடுக்கம் தொடங்கிய உடனே இங்கே வந்துவிட வேண்டும் என்றார். சித்தி அதை அவர் சொன்ன சொற்களிலேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நான்காவது நாள் சித்தப்பாவுக்குத் தெளிந்தது. காவலுக்கு இருந்த நான் சும்மாதான் கேட்டேன், சுவரோரம் என்ன நின்றது என்று. "ஆளு மாதிரித்தான் கண்ணு. ஆனா அதுக்கு முன்பக்கமே இல்ல. எந்தப் பக்கம் போயிப் பாத்தாலும் முதுகுதான்" என்றார். வாய் இல்லாமலே அது எதையோ மென்றுகொண்டிருந்ததாம். "அதுக்கு அவசரமே இல்ல கண்ணு. அதுதான் என்னால தாங்க முடியல." நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். தோள் இவ்வளவு அகலம் இல்லை என்றார், கழுத்து இன்னும் உள்ளே என்றார், கடைசியில் கால்களுக்கு வந்தோம். ரத்தமும் பல்லும் இல்லாத என் முதல் படம் அது. ஒரு சமையலறை, அடுப்பு, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள். அவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பது கண்ணில் படும்.

அச்சக முதலாளி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, "இதைய எங்கிருந்து புடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த மாத நாவல் வெளியான பிறகு வந்த தபால் கார்டுகளில் பாதி கதையைப் பற்றிப் பேசவே இல்லை. சிலிண்டர் பக்கம் போகவே பயமாக இருக்கிறது என்று திருப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். சித்தப்பா சொன்னவற்றை வைத்து ஐந்து மாதம் வரைந்தேன். இன்னொருவர் மாதிரி வரைகிறேன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது. அது எனக்குக் கொடுத்த கர்வத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் சித்தப்பா தேறிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியது. காலையில் ஏழு மணிக்கே கடையைத் திறந்தார். சித்தி வாசலில் பாட்டு முணுமுணுப்பதை முதல்முறையாகக் கேட்டேன். நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தால், "அதெல்லாம் மறந்துபோச்சு கண்ணு, உடு" என்று சிரிப்பார். நான் நானாகவே யோசித்து வரைந்தவற்றில் மறுபடியும் நகம் முளைக்க ஆரம்பித்தது. முதலாளி ஒரு படத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆண்டு மலருக்குப் பெரிதாக ஒன்று வேண்டும், அதுவும் முதல் படத்தைப் போலவே வேண்டும் என்றார்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, கடையில் ஒரு பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அவர் பாட்டிலை வைத்து மூடுவதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். வெகுநேரம் செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "சித்திகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. நானே உட்டுப்போடறேன்" என்றார். சரிங் சித்தப்பா என்றேன். அவர் என் தலையைத் தொட்டார். என் பாசத்தால் அவர் மானம் தப்பியது என்று அவர் நம்பினார். என் மனதில் அப்போது ஓடியதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இவர் குடிக்கிறார், ஒருநாள் நிறுத்துவார், நிறுத்தினால் மூன்றாம் நாள் அது வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் சித்தி கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. பாட்டிலை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அழுதார். சித்தப்பா அன்றைக்கே நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சித்தி எவ்வளவோ கெஞ்சியும், ஊர் சிரிக்கும் என்று மறுத்துவிட்டார். மூன்றாம் நாள், ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கச் சித்தி துடியலூர் போக வேண்டியிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், "நடுக்கம் வந்துச்சுன்னா எதுத்த ஊட்டு போன்ல ஆட்டோவுக்குச் சொல்லிப்போடு. நான் வாரவரைக்கும் பாத்துட்டு இருக்காத" என்றார். நான் தலையாட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு நடுக்கம் வந்தது. கூடத்தில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டில் மாவரைக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தேன்.

"எங்கீங் சித்தப்பா நிக்குது?"

"நிக்கல. உக்காந்திருக்குது. பாய் மேல, அந்தக் கடைசீல."

"இப்பவும் முதுகுதானுங்களா?"

அவர் முழங்கால்களை இழுத்துக் கட்டிக்கொண்டார். "திரும்பிட்டு இருக்குது" என்றார். பாயை முதலில் வரைந்தேன், பிறகு அதன்மேல் குந்தியிருந்த அந்தத் தோள்களை. பல் கிட்டித்துக்கொள்ள அவர் விட்டு விட்டுச் சொன்னார். நடுவில் ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்து, "கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங் கண்ணு" என்றார். அவருடைய கை சில்லென்று இருந்தது. "இதோங் சித்தப்பா, முடிஞ்சுது" என்றேன். முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு நிழல் தீட்டினேன். மணி ஒன்று தாண்டியும் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் வலிப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஆட்டோ வந்தது. இரண்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் சித்தப்பா இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு மத்தியானம் சித்தி என் அறையைக் கூட்டும்போது நோட்டை எடுத்துப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் நின்றார். அது எங்கள் கூடம் என்பது அவருக்குத் தெரிந்தது. அதில் யார் கண்டது வரையப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

"இதப் போட எத்தன நேரமாச்சு கண்ணு?"

"பத்து நிமிசம் சித்தி."

சித்தி விரலால் பாயைத் தடவிப் பார்த்தார். "ஒவ்வொரு கோரையும் தெரியுது" என்றார். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தைக் கூட்டப் போனார். அந்த மாதமே நான் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். அந்தப் படம் ஆண்டு மலரின் அட்டையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் என்னைப் பெரிய இடங்களுக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பாணியை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று இன்றும் இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டுச் சாமான்களை உற்றுப் பாருங்கள் என்று சொல்கிறேன். பாதி உண்மைதான்.

சித்தி இப்போது துடியலூரில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை போகிறேன். காப்பி கொடுப்பார், கைநிறைய முருங்கைக்காய் கொடுப்பார், அன்றைக்கு நோட்டைப் பார்த்துக் கேட்டதை அதன்பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் போனபோது காய்ச்சலில் படுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, உதடு காய்ந்திருந்தது. இரண்டு நாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தேன். சித்தி கண்ணைத் திறந்து பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை.

"வேண்டாங் கண்ணு. பக்கத்து ஊட்டுப் புள்ள வந்து இருந்துக்குவா. நீ போயி உன் வேலையப் பாரு."