பவளத் தொட்டிக்கு வந்த கூரைத் தண்ணீர்

ஏற்காட்டுக்கு நான் வேலை தேடிப் போகவில்லை. சேலத்தில் தங்க இடமில்லாமல் போன ஒரு நாள், புறப்பட நின்ற மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. உப்பளத்தில் இருந்தேன், இறால் பண்ணையில் இருந்தேன், கொஞ்ச காலம் லாரியில் சுற்றினேன். எங்கேயும் நெடுநாள் இருந்ததில்லை.

தலைச்சோலைக்குப் போகும் சாலையில் ஒரு பாய் காபித்தூளும் மிளகும் விற்றுக்கொண்டிருந்தார். சேலத்துக்காரர். மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன். எங்கெல்லாம் வேலை பார்த்தாய் என்று விசாரித்தவர், இறால் பண்ணை என்றதும் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

"அப்ப தண்ணி பார்க்கத் தெரியும்ல தம்பி?"

கடைக்குப் பின்னால் ஒரு அறை. கதவைத் திறந்ததும் நீல வெளிச்சம். ஆள் நீளத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல். வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து, உரிய காகிதங்களோடு வந்த பவளங்கள். ஊதா, பச்சை, ஆரஞ்சு. மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஹீட்டர் போட்டு அதைக் கதகதப்பாக வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்க்க வருவார்கள். போகும்போது காபித்தூள் வாங்குவார்கள். அந்த அறை கூட்டத்தை இழுக்கும் வரைக்கும்தான் மலையில் கடை என்று கீழே சேலத்தில் இருந்த அவருடைய அண்ணன் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இதை மூடிவிட்டு அண்ணன் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். "அங்க உக்காந்தா நான் கணக்குப்பிள்ளைகூட இல்ல, தம்பி. தம்பி மட்டும்தான்" என்றார் பாய். சிரிக்காமல்தான் சொன்னார்.

வேலையை அவரே கற்றுக்கொடுத்தார். பவளம் செடி அல்ல, உயிர். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை இழுத்துத் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். சத்து குறைந்தால் வளர்ச்சி நிற்கும். தண்ணீரின் காரத்தன்மை திடீரென ஏறினால் நுனி கருகும். நிறமும் அப்படித்தான். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. மீன் கழிவு சேர்ந்து தண்ணீரில் எரு மிஞ்சினால் அந்தப் பாசி பெருகி, ஊதாவும் பச்சையும் பழுப்பில் மூழ்கிவிடும். எரு அடியோடு இல்லாமல் போனாலும் ஆகாது, வெளிறிவிடும். காலையில் நான் குழாய்களில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். குறைந்ததைச் சுண்ணாம்புத் தெளிநீரால் ஈடு செய்வோம்.

உப்பு கலக்க நல்ல தண்ணீர் வேண்டும். போர்வெல் தண்ணீர் ஆகாது. வடிகட்டும் இயந்திரம் மின்வெட்டில் பாதி நாள் சும்மா கிடக்கும். அதனால் பாய் கூரையிலிருந்து மழைத்தண்ணீரைக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்தார். முதல் மழையைத் திறந்து விட்டுவிடுவார். அதன்பின் வருவதைவிடச் சுத்தமான தண்ணீர் எது என்பார். அது சரிதான்.

கூரைமேல் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்திருந்தது. அதில் பாயின் மிளகுக்கொடி. வேலிக்கு அந்தப் பக்கம் மலைக்காரர் ஒருவரின் காபிக்காடு. மழைக்காலத்துக்கு முன்னால் காபிக்கு மருந்தடிப்பது அங்கே வழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த நீல மருந்து. காட்டுக்காரர் டிரம்மில் கலக்கி, அரிவாள் முனையை அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார். இரும்பு சிவந்தால் துத்தம் தூக்கல் என்று அர்த்தம்; இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பார். அந்த வருடம் சுண்ணாம்பு போதாமல் வேலிக்கு வந்தார். பாய் தன்னிடமிருந்ததைக் கொடுத்தார்.

"ஏனுங்க பாய், கடல்பூவுக்கும் சுண்ணாம்புதானுங்களா?"

"அதுக்கும் அதுதான் சோறு."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கடையில சோறு வாங்கறமுங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "உங்க மொளகுல வாட்டம் தெரியுதுங்க. நம்மதோட சேத்து அடிச்சுப்போடறன். மழை பேஞ்சாலும் லேசுல போவாதுங்க, நொம்ப நாளைக்கு நிக்கும்."

பாய் நன்றி சொன்னார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மருந்து புகை மாதிரி மரத்தின்மேல் ஏறி, கூரைமேல் இறங்கியது. மாலைக்குள் காய்ந்துவிட்டது.

மழை வந்தது. முதல் மழையை வழக்கம்போல் திறந்துவிட்டோம். அடுத்த மழையில் தொட்டி நிறைந்தது. அந்தத் தண்ணீரில் உப்புக் கலந்து, பவளத் தொட்டியில் ஒரு பங்கை மாற்றினோம்.

முதலில் நத்தைகள். கண்ணாடியில் பாசி மேய்கிறவை ஒவ்வொன்றாகப் பிடி விட்டுக் கீழே மணலில் மல்லாந்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழுந்தன. பிறகு பவளங்கள் பூ மாதிரி விரிந்திருந்த விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன. விளக்குப் போட்டாலும் திறக்கவில்லை. நான் சோதித்தேன். காரம் சரி. கால்சியம் சரி. உப்பு, சூடு எல்லாம் சரி. பாய் என்னை நம்பாமல் தானே மறுபடி சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. தவறாக ஒன்றாவது இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மீன்கள் நன்றாகத் தின்றன, நன்றாக நீந்தின.

சந்தேகம் வந்தால் தண்ணீரை மாற்று என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். மாற்றினோம். ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, இன்னும் அதிகமாக மாற்றினோம். வெளியே மழை விடவில்லை. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. பாய் அதையும் ஒரு கொடுப்பினை என்றார். மாற்றிய ஒவ்வொரு முறையும் பவளத்தின் சதை அடியிலிருந்து உரிந்தது. உரிந்த இடத்தில் எலும்பு பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. பார்க்க வந்த ஒரு குடும்பத்தில், வெள்ளையாக இருப்பதுதான் அழகு என்று ஒரு அம்மா சொன்னார். பாய் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காபித்தூள் அளந்து போட்டார். அன்றைக்கே அறைக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

கூரை வாய்க்காலில் இலை அடைத்துத் தண்ணீர் வழியவே நான் ஏணி வைத்து ஏறினேன். அள்ளிய இலை மிளகு இலை. ஒவ்வொன்றிலும் நீலப் பொட்டு. மழை அதைக் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. வாய்க்காலின் அடியில் நீலப்பச்சையாக ஒரு கோடு, கறுப்புத் தொட்டிக்குப் போகும் குழாய் வரைக்கும். இறால் பண்ணைக் குளத்தில் பாசியைக் கொல்லத் துத்தம் போடுவார்கள். கொஞ்சம் மிஞ்சினால் இறாலும் போய்விடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. அது அந்த ஏணியில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இறங்கி உள்ளே போனேன். பாய் மோட்டாரைப் போட்டுப் புதுத்தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இலையை நீட்டினேன். அவர் இலையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மோட்டாரை நிறுத்தினார்.

"துத்தத்துல இருக்கற செம்பு" என்றார்.

கரி போட்டு வடிகட்டினோம். சேலத்திலிருந்து கேன் தண்ணீர் வந்தது. பயனில்லை. செம்பு கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் ஏறிவிட்டது. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கல் அதைத் திரும்பக் கொடுக்கும் என்றார் பாய். மழை முடிவதற்குள் தொட்டியில் நிறமென்று மீன்கள் மட்டும் இருந்தன. பாய் அண்ணனுக்குப் போன் பேசிவிட்டு வந்து, மீன்களை யாருக்கு அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார்.

செத்த பவளக் கற்களை வேலியோரம் கொட்டினோம். வெயில் பட்டு நாறின, பிறகு நாற்றம் போய் வெளுத்தன. காட்டுக்காரர் ஒரு கைப்பிடி பச்சை மிளகோடு வந்தார். கொடி பிழைத்துக்கொண்டது, காய் இறங்கிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். கடையைக் காலி செய்கிறீர்களாமே என்று விசாரித்தார். வியாபாரம் சரியில்லை என்றார் பாய். துத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காட்டுக்காரர் குவியலைக் காலால் புரட்டினார்.

"இதச் சுட்டா சுண்ணாம்பாவுமுங்களா, பாய்?"

"ஆகும்."

"அடுத்த மருந்துக்கு ஆவுமுங்க."

"எடுத்துக்குங்க" என்றார் பாய்.

அவர் கூடை கொண்டுவரப் போனார். பாய் உள்ளே போய் விளக்கை அணைத்தார். மறுநாள் அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட் வேலை கேட்டுப் போனேன். என்ன வேலை தெரியும் என்றார் கணக்கெழுதும் ரைட்டர். எதுவும் செய்வேன் என்றேன். மருந்தடிக்க ஆள் வேண்டும் என்றார்.