ராணிக்கு என் நிறம்

அது முகமே இல்லை என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய ராணியைத்தான் அப்படிச் சொன்னான். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ராணி. கையில் ஈட்டி, காலடியில் டிராகனின் மண்டையோடு. மாயாஜாலப் போர் விளையாட்டுகளுக்காக இந்த மாதிரிக் குட்டி உருவங்களை வாங்கி வண்ணம் தீட்டுவது அண்ணனுக்குப் பைத்தியமாக இருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ்ஸில் ஒரு விளையாட்டுக் கடை, ஜூன் விடுமுறையில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. அதற்காகத்தான் அந்த ராணி.

பெட்டி மேல் இருந்த படத்தில் அவள் ரோஜா நிறம். அண்ணனின் புட்டிகளில் 'தோல்' என்று பெயர் போட்டிருந்ததும் அதே ரோஜா நிறம்தான். நான் என் கையைப் பார்த்தேன், புட்டியை மூடி வைத்துவிட்டேன். பழுப்பில் கொஞ்சம் கறுப்பும் ஒரு துளி சிவப்பும் கலந்து என் புறங்கையில் தொட்டு வைத்தேன். எங்கே தொட்டேன் என்று நானே தேட வேண்டியிருந்தபோது நிறம் சரி என்று முடிவு செய்தேன்.

சிக்கல் என்னவென்றால், கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் ராணியைக் காணவில்லை. முடி, முகம், கவசம் எல்லாம் ஒரே பழுப்பு.

"மூஞ்சி எங்கடி? சாக்லேட் கட்டி மாதிரி இருக்கு லா," என்றான் அண்ணன்.

கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்த அப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ராணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து, "அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கா," என்பார்கள். அவர்கள் சொன்னது மூக்கையோ முழியையோ அல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட அப்பா சொன்னார்: "கொஞ்சம் வெளுப்பா அடிச்சிட்டா எல்லாம் நல்லா தெரியும்ல, கண்ணு?"

"அடிக்க மாட்டேன்."

"பாக்கறவங்க கண்ணுக்குப் புடிக்கணும்மா. அப்பதான ஜெயிக்க முடியும்?"

"புடிக்கலன்னா பாக்க வேணாம்," என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அன்றிலிருந்து அது எனக்கு வண்ணம் தீட்டும் வேலையாக இல்லை, சண்டையாகிவிட்டது. முதலில் பழுப்பில் வெள்ளையைக் கலந்து மூக்கிலும் கன்னத்திலும் ஏற்றிப் பார்த்தேன். ராணி சாம்பலில் விழுந்து எழுந்தவள் போல ஆனாள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது முறையும் பாழ்.

அண்ணன்தான் மனம் இரங்கி ஒன்று செய்தான். ராணியைக் கைபேசியில் படமெடுத்து, படத்திலிருந்து வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினான். முடியும் முகமும் கவசமும் ஒரே சாம்பல் நிறம். "பாரு, கறுப்பா இருக்கறது பிரச்சினை இல்ல. எல்லாமே ஒரே அளவு கறுப்பு. அதான் பிரச்சினை," என்றான்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சை நெற்றிக்கு மேலே பிடித்துக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக என் கழுத்துக்கு மேலே இருந்த முகத்தை அப்போதுதான் முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடம் வெள்ளையாக இல்லை, செம்புபோல மின்னியது. கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் இருந்த நிழல் கறுப்பாக இல்லை. நாவல்பழ ஊதாவாக இருந்தது.

அப்படியே செய்தேன். ஊதா கலந்த பழுப்பைத் தண்ணீராக்கிக் குழிகளில் ஓடவிட்டேன். காய்ந்ததும் மேடான இடங்களில் செம்பு நிறம். மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் விரல் முட்டிகளிலும் கொஞ்சம் ஆரஞ்சு. தோலும் கவசமும் சேரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை போல ஒரு கருங்கோடு. கவசத்தைப் பழுப்பிலிருந்து தந்த நிறத்துக்கு மாற்றினேன். தோலைத் தவிர மற்ற எல்லாம் மாறட்டும் என்பதுதான் என் சட்டம். தள்ளி வைத்துப் பார்த்தேன். ராணி என்னை முறைத்தாள்.

போட்டிக்கு முதல் நாள் மாலை, என் மேசையில் புதிதாக ஒரு வண்ணப் புட்டி இருந்தது. வெளிர் ரோஜா. வேலையிலிருந்து வரும் வழியில் எங்கோ இறங்கி, தெரியாத கடையில் விசாரித்து அப்பா வாங்கி வந்திருந்தார்.

"சும்மா வச்சுக்க. தேவைப்பட்டா," என்றார்.

நான் அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், எல்லா மாடிகளுக்கும் பொதுவாகக் கீழே இறங்கும் குப்பைக் குழாயைத் திறந்து போட்டேன். எங்கள் வீடு பதினோராவது மாடி. புட்டி கீழே போய்ச் சேரும்வரை டங் டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கும் கேட்டது.

மறுநாள் அவர்தான் என்னைப் பாசிர் ரிஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். நான் ஜெயிக்கவில்லை. வெள்ளிக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரனுக்கு முதல் பரிசு. ஆனால் நடுவராக இருந்த சீன இளைஞர் ராணியை மேசையின் மறுகோடியில் வைத்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவுவரை போய் நின்று பார்த்தார். இங்கிருந்துகூட முகம் தெரிகிறது, எந்தப் புட்டி இது என்று கேட்டார். புட்டியில் இல்லை, நானே கலந்தது என்றேன். ஒரு மாதம் கடையின் கண்ணாடிப் பேழையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கதவருகே குடையோடு நின்ற அப்பாவைப் பார்த்து, உங்கள் மகளா என்றும் கேட்டார். அப்பா தலையாட்டினார்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதையும் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"பாத்தீங்களா? வெளுப்பாக்காமலே தெரியுது. நீங்கதான் பயந்தீங்க."

"ஆமாம்மா."

"உங்களுக்கு உங்க கலரே புடிக்கல. அதான்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

போன வருடம் அம்மா அலமாரியை ஒழித்தபோது ஓர் உறையிலிருந்து இரண்டு புகைப்படங்கள் விழுந்தன. இரண்டும் ஒரே படம்: கோட்டு போட்ட இளவயது அப்பா. ஒன்றில் அவர் நிறத்தில் இருந்தார். இன்னொன்றில் முகம் வெளுத்து, கன்னம் கொஞ்சம் ரோஜா நிறத்தில்.

"பொண்ணு பாக்கறப்ப குடுத்த படம்," என்றார் அம்மா. "முதல் படம் நாலு வீட்டுக்குப் போயி திரும்பி வந்துச்சாம். அப்புறம் அவரே தேக்காவுல ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயி, வெளுப்பா போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கிருக்காரு. எங்க வீட்டுக்கு வந்தது அதான்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"முதல் தடவ பாத்தப்பவே சொல்லிட்டாரு. தலைய குனிஞ்சுக்கிட்டே."

ராணியின் நிறத்தை நான் இன்றும் மாற்றமாட்டேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அன்று ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி, தன் அப்பா கோழை என்று நிச்சயமாக நம்பினாள். நாலு வீட்டு வாசலில் தனக்கு நடந்தது மகளுக்கு நடக்கக்கூடாது என்று, தனக்குப் பலித்த ஒரே வழியை ஒருவர் ஒரு புட்டியில் கொண்டுவந்து கொடுத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியவில்லை.