பிடித்துவிட்ட ரிலே

என் மனைவியின் தங்கை, மச்சாளுக்குப் பேசிய மாப்பிள்ளை கத்தாரில் வேலை செய்கிறவர், சொந்த ஊர் கல்குடா. எல்லாம் பொருந்தியாயிற்று, ஒரு கேள்விதான் மிச்சம். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து அவர் பெண் வீட்டில் இருப்பாரா? மாட்டேன் என்றால் சம்பந்தம் முறியும், மாமி சொன்னால் சொன்னதுதான். ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருக்கும் மருமகன் நான். மின்கம்பிகளுக்குக் காவலான ரிலேக்களைச் சரிபார்ப்பது என் தொழில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீடியோ கோலில் எங்கள் டீவியில் தோன்றினார். சொந்தக்காரர் எல்லாரும் சுற்றியிருக்க, மாமி தொண்டையைச் செருமினார். "தம்பி, கலியாணத்துக்குப் பிறகு..."

பல்பு மங்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு முழு மட்டக்களப்புக்கும் கரண்ட் போனது.

"பிடிச்சிட்டுது, ரிலே பிடிச்சிட்டுது!" என்று நான் துள்ளி எழுந்தேன்.

சந்தோசம் தாங்க முடியவில்லை. ஒரு கம்பியில் பழுது வந்தால் பக்கத்து ரிலே உடனே கரண்டை வெட்ட வேண்டும். அது வெட்டாவிட்டால் எட்டத்து ஸ்டேசனில் இருக்கும் ரிலே கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெட்டும். ஊரே இருளும், ஆனால் இயந்திரங்கள் தப்பும். அந்தப் பொறுக்கும் நேரத்தை வைத்தவன் நான். அது உண்மையில் வேலை செய்து அன்றுதான் பார்த்தேன். இதை எல்லாருக்கும் கைவீசி விளக்கினேன்.

"என்னகா இது! பிள்ளைட வாழ்க்கை அந்தரத்தில நிக்குது, இந்த மனிசன் ஆடுறார்," என்றாள் மனைவி.

"மருமகன், வாயை மூடிட்டு இருங்க," என்றார் மாமி. யார் போனில் டேட்டா இருக்கிறது என்று சொந்தக்காரர் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மச்சாள் குசினிப் பக்கமிருந்து தன் போனோடு வந்தாள். "நான் கேட்டுட்டன்மா."

"நீயா? வெக்கமில்லையாடி? நான் கேட்டிருப்பனே!"

"கொஞ்சம் பொறுத்துத்தான் பாத்தன். ஒருத்தரும் கேக்கல்ல. மறுகாதான் நானே கேட்டன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைதட்ட ஆசையாக இருந்தது, மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"என்ன சொன்னவர்?" என்றார் மாமி.

"இங்கதான் இருப்பாராம்," என்றாள் மச்சாள். "அத்தானைப் பத்தியும் சொல்லிட்டன். பரவாயில்லையாம்."