ஆவடி தாண்டினால் பாட்டு நின்றுவிடும்

என் கார் பழையது. கதவை இரண்டு தரம் சாத்தினால்தான் சாத்தும். ஏசி போட்டால் வேகம் குறையும். இதையெல்லாம் நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் டிக்கியில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த ஆம்ப்ளிஃபயர், பாடிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொண்டதே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆம்ப்ளிஃபயர் என்று முழுசாகச் சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் பொறுமை கிடையாது. ஆம்ப், அவ்வளவுதான். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்தாற்போல ஒரு கறுப்புப் பெட்டி. பக்கத்தில் அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் நான் திரும்பும்போதே வீட்டில் என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். எதிர்ப்புற ஃபிளாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அதுவும் எனக்கு ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் பாடியது. பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து கிளம்பி, அம்பத்தூரைத் தாண்டி, ஆவடியையும் தாண்டி, பூந்தமல்லி ரோட்டில் போகும்போது பல்லவி முடிந்து சரணம் வரவேயில்லை. வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தால், ஆம்பின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு என்னை முறைத்துக்கொண்டிருந்தது. டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். விளக்கு பச்சையாகி மறுபடியும் பாடியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப ஊமை. அன்றிலிருந்து அதே கதை. ஆவடி தாண்டினால் பாட்டு நின்றுவிடும். டயரை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் என் உத்தியோகமே குறை கண்டுபிடிப்பதுதான். வரும் சாமானைப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்கிறவன். "ஊட்லயும் அதே வேலதான பாக்கறீங்க. சாம்பார்ல உப்பு கம்மின்னு ஒரு நொடியில கண்டுபுடிக்கிறீங்க, இத்த கண்டுபுடிக்க முடியலியா?" என்றாள் என் மனைவி. அவள் கட்சி, இது திருஷ்டி. ஃபிளாட்டுக்காரர்கள் கண்ணு. டிக்கிக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். அப்புறம் என் கார் ஊறுகாய் வாசனையோடு ஊமையாகப் போனது.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். குத்தம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். தையல் மெஷின் அவளுக்கு இன்னொரு கை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டாள், கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை தைப்பாள். ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை. கேஸ் சிலிண்டர் ஃபிரில் வைத்த கவுன் போட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் துணி இல்லாமல் இருப்பது சீலிங் ஃபேன் மட்டும்தான். ஆம்ப் வாங்கிய புதிதில் டிக்கியைத் திறந்து பார்த்தவள், "இன்னாண்ணா இது, இவ்ளோ துட்டு போட்டு வாங்கி இப்படி அம்மணமா வெச்சிகீற? கீறல் உழுந்தா இன்னா பண்ணுவ?" என்று பதறிப்போனாள். அடுத்த முறை வந்தபோது மெரூன் வெல்வெட்டில், உள்ளே பஞ்சு வைத்து, விளிம்பில் தங்க லேஸ் ஓட்டி, ஒயர் போகவும் விளக்கு தெரியவும் மட்டும் வழி விட்டு ஓர் உறை கொண்டுவந்து மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

அவளுடைய மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். ஊர் எல்லையிலிருந்து கோயில் வரைக்கும் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு நாங்கள் ஊர்வலமாகப் போக வேண்டும். தங்கை போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, தட்டு எவ்ளோன்னு நான் கேக்கல. சத்தமா வா. அது போதும்."

ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய வளைகாப்பின்போது எங்கள் அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மேளம் வைக்க மனசு வராமல் நானும் மனைவியும் சத்தமில்லாமல் போய் வளையல் போட்டுவிட்டு வந்தோம். அதை அவள் மாமியார் பிடித்துக்கொண்டார். "பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தாங்களா போனாங்களான்னே தெரியல" என்று நல்லது கெட்டது எது நடந்தாலும் நாலு பேர் நடுவில் சொல்வார். தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று இனி நான்தானே இருக்கிறேன்? மேளக்காரர்களைப் பேசலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். குழந்தைக்கு மேளம் என்றால் பயம், மாமாவின் 'டம் டம் வண்டி' என்றால் உயிர்.

ஆகவே ஆம்ப் பாடியே தீர வேண்டும். சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் காருக்கு ஆடியோ வேலை பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெரிய உருவம், அதைவிடப் பெரிய தன்னம்பிக்கை. அவர் கை எப்போதும் கிரீஸும் கரியுமாக இருக்கும். வெல்வெட்டில் அந்தக் கை பட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. அதனால் வீட்டிலேயே உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கடைக்குப் போகும் வழியெல்லாம் ஆம்ப் சமர்த்தாகப் பாடியது. ஆவடியும் போனது, பூந்தமல்லி ரோடும் போனது. ராத்திரி பூரா காய்ச்சலில் அனத்திய குழந்தை டாக்டர் ரூமில் ஓடி விளையாடுமே, அப்படி. கடையிலும் பாடியது. கடைக்காரர் அதில் பாட்டுக் கேட்டபடியே சாப்பிட்டார், சீட்டைச் சாய்த்து ஒரு தூக்கமும் போட்டார்.

"நல்லாத்தான கீது. இருந்தாலும் எர்த்து லூசு. டைட் வெச்சிட்டேன். இனிமே நின்னா எங்கைல சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து உறையை மாட்டினேன். மறுநாள் ஆவடி தாண்டியதும் நின்றது.

மறுபடியும் உறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மறுபடியும் பாடியது. "பேட்டரி வீக்கு மாமே" என்றார். பேட்டரி மாற்றினோம். உறையை மாட்டி வீட்டைவிட்டுக் கிளம்பினேன், நின்றது. திரும்பப் போனேன், பாடியது. "ஒயரு சின்னது" என்று ஒயர் மாற்றினார். நின்றது. கடைசியாகப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நைனா, கோச்சிக்காத. ஆம்பு நல்லா கீது. ஒயரு நல்லா கீது. உனக்குக் காது சரியா கேக்குதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் காது கேக்கறது இருக்கட்டும், நீங்க தொழில் கத்துக்கினு வந்து கட தொறங்க" என்று கத்திவிட்டேன். அதற்கு அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, இன்னொரு டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

காதுகுத்து அன்று நல்ல சித்திரை வெயில். தங்கை கண்ணில் படும் நாளாயிற்றே, உறை இல்லாமல் போவேனா? பிரஷ் போட்டுத் துடைத்து, லேஸை நீவிவிட்டு, பளிச்சென்று மாட்டினேன். வழியில் பாட்டே போடவில்லை. அத்தனை சத்தத்தையும் ஊர்வலத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். "இப்பவாவது வாய மூடிக்கினு வருதே" என்றாள் மனைவி.

ஊர் எல்லையில் சொந்தக்காரர்கள் தட்டுகளோடு வரிசை கட்டினார்கள். நான் முன்னால் காரை நடை வேகத்தில் உருட்டினேன். டிக்கி கதவைத் தூக்கிவிட்டு, பாட்டைப் போட்டேன் பாருங்கள், குத்தம்பாக்கமே அதிர்ந்தது. கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்தது. வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். தூரத்தில் தங்கை, பட்டுப் புடவையில், ஆரத்தித் தட்டோடு. பக்கத்தில் மாமியார், இடுப்பில் குழந்தை. தங்கை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அப்பா இருந்த காலத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அவர்களுக்கு நாலு வீடு முன்னால் பாட்டு நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. தட்டு தூக்கி வந்தவர்களின் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. மாமியார் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டாங்களா உங்கண்ணன் ஊட்டுக்காரங்க?" என்று கேட்டார். தங்கையின் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

இறங்கி டிக்கிக்கு ஓடிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன் என்பதையே கவனிக்கவில்லை. தங்கையும் மாமியாரும் டிக்கி பக்கம் வந்து நின்றுவிட்டார்கள்.

"நின்னுடுச்சுண்ணே! ஊரே பாக்குது!"

"பதறாத நைனா. ஆம்பு மேல எதுனா வெச்சிகீறியா? தட்டு, கிட்டு?"

"ஒண்ணுமே இல்லண்ணே. உறை மட்டும்தான்."

"இன்னாது?"

"உறைண்ணே. வெல்வெட்டு. உள்ள பஞ்சு வெச்சது."

"அடப்பாவி! எங்கடைக்கு வரும்போது அத்த கண்ல காட்டவே இல்லியேடா! அது சூடானா தானா அணைஞ்சிக்கும்டா! சித்திர வெயில்ல உன்ன கம்பளில சுத்தி டிக்கில போட்டா நீ பாடுவியா? எந்த மகராசன் தெச்சான் அத்த?"

ஊர்வலம் முழுக்கக் கேட்டது. ஆம்ப் பாடாத குறையை அந்த மனுஷன் தீர்த்துவைத்தார். மாமியார் அந்தத் தங்க லேஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாண்ணே," என்றேன். "நானே தெச்சேன்."

எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. என் சட்டையில் அப்போது ஒரு பொத்தான் இல்லாமல் ஊக்கு குத்தியிருந்தது. மாமியார் அந்த ஊக்கைப் பார்த்தார், அப்புறம் லேஸைப் பார்த்தார். தங்கை ஆரத்தித் தட்டை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு டிக்கிக்குள் குனிந்தாள்.

"அவரு தெக்கல. நான் தெச்சேன்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே உறையை ஓர் இழுப்பில் உருவினாள். ஆம்பைத் தொட்டவள் சுட்டுக் கையை உதறினாள். பக்கத்தில் நின்ற எங்கள் சித்தி கையிலிருந்த சீர்த்தட்டைப் பிடுங்கி, அதிலிருந்த பூவைக் காரின் மேலே கொட்டிவிட்டு, வெறுந்தட்டால் விசிற ஆரம்பித்தாள். நெற்றிச்சுட்டி ஆட, வளையல் குலுங்க, விசிறு விசிறு என்று விசிறினாள். அரைத் தெருவும் கூடி நின்று ஒரு பெட்டிக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தது.

விளக்கு பச்சையானது. பாட்டு விட்ட இடத்திலிருந்து அலறியது. குழந்தை பாட்டியின் இடுப்பில் இருந்தபடியே "டம் டம்!" என்று குதித்தது.

நான் வண்டியை எடுத்தேன். கோயில் வரைக்கும் தங்கை டிக்கிக்குப் பின்னாலேயே விசிறிக்கொண்டே நடந்து வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் மாமியார் குழந்தையை மகனிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு தட்டை வாங்கினார். "எம்புள்ளைக்குக்கூட நீ இப்படி விசிறினதில்லடி. தள்ளு, இந்தப் பக்கம் சூடா கீது" என்று சொல்லிவிட்டு அவரும் விசிறத் தொடங்கினார். அதற்கப்புறம் பாட்டு நிற்கவே இல்லை. என் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது குழந்தை போட்ட கூச்சல் மட்டும்தான் அதை மிஞ்சியது.

அடுத்த மாசம் தங்கை வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினாள். பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டிருந்தாள். ஒவ்வோர் ஓட்டைக்கும் சட்டைக் காஜா மாதிரி கையால் ஓரம் தைத்திருந்தாள். எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாளோ! "இப்ப காத்து போவும்ணா. இனிமே எனக்காக நீ பொய் சொல்லத் தேவல" என்றாள்.

மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆவடி தாண்டியதும் நின்றது.

இப்போதெல்லாம் உறையைக் கழற்றி முன் சீட்டில் மனைவி மடியில் வைத்துவிட்டுத்தான் குத்தம்பாக்கம் கிளம்புகிறேன். ஊருக்குள் நுழையும் முன் வண்டியை ஓரங்கட்டி, பாட்டை நிறுத்தி, உறையை மாட்டி, லேஸை நீவிவிடுவேன். தங்கை ஓடிவந்து முதலில் டிக்கியைத்தான் திறந்து பார்ப்பாள்.

"இப்ப நிக்குதாண்ணா?"

"எங்கம்மா நிக்குது? நிறுத்தவே முடியல" என்பேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.