கட்டில் காலைப் பிடிக்காமல்

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் வயிறு தளர்ந்துபோனது. தொழுகையில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால், எழுவதற்குக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மீஞ்சூர் டாக்டரம்மா, மல்லாந்து படுத்து, மூச்சை விட்டு, வயிற்றை உள்ளிழுத்தபடி எண்ணச் சொன்னார். எண்ணுவதற்குப் பதில் நான் சுப்ஹானல்லாஹ் சொன்னேன். உதடு அசைவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

“இன்னாமா, படுத்துக்கினு ஓதுற? வலிக்குதா?”

“வயிறு இறுகறதுக்குங்க.”

அவரும் பக்கத்தில் படுத்து இழுத்துப் பார்த்தார். அவர் வயிறு அசையவே இல்லை.

“நான் ரெண்டு பெத்தேன். நீங்க இன்னா பெத்தீங்க?”

“எல்லாம் உன் பிரியாணிதான்.”

சில மாதம் கழித்து, ஒரு விடியற்காலை ஃபஜ்ர் தொழுகையில் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன். கண் நிறைந்துவிட்டது. தொழுது முடித்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். என் வீட்டுக்காரர் வயிற்றுக்காகவும் துஆ கேட்டேன்.